அந்தக் கோட்டை அழிக்க முதல் ஒரு கேள்வி

2024 ஏப்ரல் 8 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொன்றியல் பக்கம் இருந்த எல்லாரும் அன்று பின்னேரம் வெளியே வந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். லொங்குய்ய் முழு சூரிய கிரகணப் பாதைக்குள் இருந்தது. கனடிய விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் எங்கள் நகரத்தில், சென்-ஹூபேரில்தான் இருக்கிறது. அதற்காகச் சூரியன் எங்களுக்குச் சலுகை காட்டவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இருட்டு, அவ்வளவுதான். அப்பா மடக்குக் கதிரையில் இருந்து கடதாசிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சொன்னார்:

"நானும் ஒருக்கா வானத்தைப் படம் எடுத்தனான். அந்தப் பிலிம் எங்கையோ கிடக்கும்."

முப்பத்தைந்து வருசம் அவரோடு இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

பிலிம் பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது. எங்கள் வீடுகளில் பிஸ்கற் ரின்னுக்குள் பிஸ்கற்றைத் தவிர எல்லாம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊசி நூலுக்குக் கீழே, கடையில் கழுவிக் கொடுத்த அதே உறைக்குள், நான்கு நான்காக வெட்டிய நெகற்றிவ் துண்டுகள். 1997 வசந்தம். ஹேல்-பொப் வால்வெள்ளி வெறுங்கண்ணுக்கே தெரிந்த காலம். அப்பா வேலைத்தலத்துச் சிநேகிதர் ஒருவரின் பண்ணைக்குப் போய், க்ரான்பி பக்கம், முக்காலியில் கமராவை வைத்து, 800 பிலிம் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் இருபது செக்கன் எண்ணியிருக்கிறார். எனக்கு அப்போது எட்டு வயது. காருக்குள் நித்திரை கொண்டதுதான் ஞாபகம்.

இப்போது நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். பொறியியலில் முதுகலை படித்திருக்கிறேன். ஆகவே இது ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். பழைய மேசை ஸ்கேனர் ஒன்றை எடுத்து, நெகற்றிவை வைத்து, பொத்தானை அமத்தினேன். படம் வந்தது. இரவு வானம் மங்கலாக இருந்ததால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். உடனே வானம் முழுக்கக் கோடுகள். மெல்லிய நேர்கோடுகள், அகலமான படிப்படியான பட்டைகள், ஒரு ஓரத்தில் செம்மஞ்சள் வெளிச்சம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் செய்வதைத்தான். "பழைய படத்தைச் சீராக்கு" என்று ஒரு செயலி. ஒரு கிளிக். கோடெல்லாம் போய்விட்டது. வானம் பட்டுத்துணி மாதிரி வழவழப்பாக வந்தது. குடும்ப வாட்சப் குழுவில் போட்டேன். ரொறொன்ரோ மாமி மூன்று இதயம் அனுப்பினார். அப்பா மட்டும் தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, ஒரு வாலைக் காணேல்லை."

"எந்த வால் அப்பா?"

"அதுக்கு ரெண்டு வால் இருந்தது. ஒண்டு வெள்ளை, வளைஞ்சது. மற்றது நீலம், நேரா நிண்டது. நீலத்தைக் காணேல்லை."

அப்பா சொன்னது சரி. ஹேல்-பொப்புக்கு இரண்டு வால்கள். தூசியால் ஆன வெள்ளை வால் அகலமானது, வளைந்தது. மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஆன நீல வால், சூரியக் காற்று தள்ளுகிற திசையில் நேராக நீளும். மெல்லியது, மங்கலானது, நேரானது. அதாவது ஒரு செயலியின் கண்ணுக்கு அது அச்சு அசலாக ஒரு ஸ்கேனர் கோடு. அழித்துவிட்டது. கூடவே மங்கலான நட்சத்திரங்கள் பாதியையும் தூசி என்று கூட்டித் தள்ளிவிட்டது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். ஒரு படத்தில் கோடு இருந்தால், அதை எப்படி அழிப்பது என்று முதலில் கேட்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அழிக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. குறிப்பாக எங்கள் சனத்துக்கு இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற வழி. இது சுலபம், காசு தேவையில்லை.

நெகற்றிவை 90 பாகை திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் திரும்பியும் கோடு பழைய திசையிலேயே நின்றால், அது ஸ்கேனருடைய கோடு. படத்தோடு சேர்ந்து கோடும் திரும்பினால், அது பிலிமில் உள்ளது.

பிலிமில் உள்ளது என்றால் இரண்டாவது கேள்வி: அது பிலிமுக்கு நடந்த ஏதாவதா, அல்லது வானத்தில் இருந்ததா? இதற்குப் படத்தின் எல்லைக்கு வெளியே பார்க்க வேண்டும். இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள வெறும் இடத்திலும், ஓரத்தில் பல் ஓட்டைகள் இருக்கிற இடத்திலும் அந்தக் கோடு தொடர்ந்து போகிறதா? போனால் அது வெளிச்சம் புகுந்ததோ, கீறலோ, கழுவும்போது நடந்த பிழையோ. வானத்தில் இருந்து வந்த வெளிச்சம் சட்டத்தின் எல்லையோடு நின்றுவிடும். அதோடு, அடுத்தடுத்த படங்களிலும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் அதே இடத்தில், அதே சாய்வில் இருக்கும்.

இந்த இரண்டு சோதனையையும் செய்தபோது என் படத்தில் நான்கு விதக் கோடுகள் இருந்தது தெரிந்தது.

முதலாவது, மெல்லிய நேர்கோடுகள். இவை ஸ்கேனரின் தலை நகர்கிற திசையிலேயே ஓடின. மேசை ஸ்கேனருக்குள் ஒரே வரிசையில் ஆயிரக்கணக்கான உணரிகள் உண்டு. எல்லா உணரியும் ஒரே அளவு கூர்மையானவை அல்ல. அதனால் வேலை தொடங்கும்போது ஸ்கேனர் ஒரு வெறும் இடத்தைப் பார்த்து, ஒவ்வொரு உணரிக்கும் எவ்வளவு திருத்தம் தேவை என்று கணக்கெடுக்கும். பிலிம் தாங்கியின் தலைப்பக்கத்தில் ஒரு வெற்று ஜன்னல் இருப்பது இதற்குத்தான். அந்த இடத்தில் ஒரு தூசி இருந்தால், அந்த உணரிக்கு மட்டும் பிழையான திருத்தம். அது படம் முடியும்வரை அதே பிழையோடு நகரும். விளைவு, ஒரு நேர்கோடு. மருந்து: அந்தக் கண்ணாடியைத் துடையுங்கள். நான் படத்துக்குக் கீழே உள்ள கண்ணாடியை ஐந்து தரம் துடைத்தேன், அந்த இடத்தை ஒரு தரமும் துடைக்கவில்லை. கோடு தலைக்குக் குறுக்காக, அதாவது நகர்கிற திசைக்குச் செங்குத்தாக இருந்தால் மட்டும் விளக்கு நிலையில்லாமல் எரிவதையோ, மோட்டார் ஒரே சீராக இழுக்காததையோ சந்தேகியுங்கள். விளக்கைக் கொஞ்ச நேரம் சூடாக விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அகலமான படிகள். இது ஸ்கேனரும் இல்லை, பிலிமும் இல்லை, கோப்பு. நான் 8 பிட்டில் சேமித்திருந்தேன். 8 பிட் என்றால் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். பிறந்தநாள் படத்துக்கு அது தாராளம். இரவு வானம் அப்படி இல்லை. அதன் முழுக் கதையும் ஒரு சின்ன இடைவெளிக்குள் நடக்கிறது. என் வானம் 20 படிகளுக்குள் அடங்கியிருந்தது என்று வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அந்த 20 படியும் மாடிப்படி மாதிரித் தெரியும். அதே இடைவெளிக்கு 16 பிட்டில் 5,120 படிகள் கிடைக்கும், மொத்தம் 65,536 என்பதால். மருந்து: 16 பிட்டில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். தானியங்கி வெளிச்சம், கூர்மையாக்கல், தூசி நீக்கல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

தூசி நீக்கல் பற்றி ஒரு வார்த்தை. நெகற்றிவில் நட்சத்திரம் ஒரு கறுப்புப் புள்ளி. தூசியும் வெளிச்சத்தை மறைக்கிற ஒரு கறுப்புப் புள்ளி. மென்பொருளால் மட்டும் வித்தியாசம் சொல்ல ஏலாது. அகச்சிவப்பு வைத்துத் தூசி பிடிக்கிற ஸ்கேனர்கள் உண்டு. வர்ண பிலிமின் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி விடாது. ஆனால் கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துணிக்கைகள். வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும். அதில் இந்த வசதியைப் போட்டால் உங்கள் அம்மம்மாவின் முகமே தூசிதான்.

தொலைபேசியால் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் கீழே வைக்கிற எல்ஈடி பலகை மலிவானதாக இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். தொலைபேசி படத்தை வரி வரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாக விழும். பலகையின் வெளிச்சத்தை முழுமையாக வைத்து, ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பட்டை மறையும்.

மூன்றாவது கோடு நீல வால். அது வானத்துடையது. தொடக்கூடாது.

நான்காவதுக்குக் கடைசியில் வருகிறேன்.

இதெல்லாம் ஒரு பழைய படத்துக்கு அளவுக்கு மிஞ்சிய வேலை என்று நினைக்கிறவர்களை நான் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போக விரும்புகிறேன். தமிழ்ப் படப் பாட்டில் வருகிற கொடைக்கானலேதான். அங்கே 1899இல் ஒரு சூரிய ஆய்வகம் தொடங்கினார்கள். 1904 முதல் சூரியனை வெள்ளொளியில் படமெடுத்தார்கள். 1907 முதல் 2007 வரை, கல்சியத்தின் ஊதா ஒளியில் மட்டும் சூரியனைப் பதிவு செய்தார்கள். நூறு வருசம், பெரும்பாலும் கண்ணாடித் தட்டிலும் பிறகு பிலிமிலும்.

ஒரு நிறத்தில் மட்டும் சூரியனை எடுப்பது எப்படி? சூரியப் பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவில் விழுத்தி, ஒளியைப் பிரித்து, வேண்டிய நிறத்தை மட்டும் இரண்டாவது பிளவால் விடுவார்கள். பிளவும் பிம்பமும் ஒன்றை ஒன்று மெதுவாகக் கடந்து நகர, படம் வரி வரியாகச் சேரும். யோசித்துப் பாருங்கள், இது ஒரு ஸ்கேனர்! கணினி வருவதற்கு எத்தனையோ காலம் முன்னம். ஆகவே பிரச்சினையும் அதே பிரச்சினை. பிளவில் தூசி இருந்தால் நகரும் திசையில் நேர்கோடு. இடையில் முகில் கடந்தால் குறுக்கே பட்டை. ஆனால் சூரியனிலேயே உண்மையான கரிய இழைகளும் உண்டு, காந்தப்புலம் தாங்கிப் பிடித்திருக்கும் குளிர்ந்த வாயு. எது பிளவின் தூசி, எது சூரியனின் இழை என்று பிரிக்கத் தெரியாதவன் அந்தத் தட்டுகளில் கை வைக்க முடியாது.

அவற்றை எண்ணிமமாக்கிய கதையும் எங்கள் கதைதான். முதலில் ஒரு தரம் 8 பிட்டில் செய்தார்கள். அது போதவில்லை. மறுபடி, 16 பிட்டில், 4096க்கு 4096 புள்ளிகளாக எடுத்தார்கள். தட்டுக்குக் கீழே வெறும் விளக்கை வைக்கவில்லை. உட்புறம் வெள்ளை பூசிய ஒரு கோளத்துக்குள் ஒளியைச் சிதறவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே சீரான வெளிச்சம் வருகிற வாசலில் தட்டை வைத்தார்கள். இரண்டாம் தரம் செய்ய முடிந்ததற்கு ஒரே காரணம், முதலாம் தரம் முடிந்ததும் தட்டுகளை யாரும் எறியவில்லை.

இன்னொன்று. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது தான் எடுத்த ஒரு வானத்துத் தட்டில், இருக்கக்கூடாத ஒன்றைக் கண்டார். கறை என்று விட்டிருந்தால் விட்டதுதான். அது ஒரு புதிய வால்வெள்ளி. இன்றும் பாப்பு-பொக்-நியூகேர்க் என்று அவர் பெயரோடுதான் இருக்கிறது. அவர் உருவாக்கிய ஜவ்வாது மலைக் காவலூர் ஆய்வகத்தில் 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு இராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். நட்சத்திரங்களைத் தொடர்ந்து நீண்ட நேரம் எடுத்த படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழும், சிறுகோள் ஒரு சின்னக் கோடாக விழும். கோடு என்றதும் அழிக்கிற பழக்கத்தோடு இந்த வேலை செய்ய முடியுமா?

இனி, ஏன் எங்கள் சனத்துக்கு என்று சொன்னேன்.

உங்கள் வீட்டில் 1990க்கு முந்திய ஊர்ப் படங்கள் எத்தனை இருக்கின்றன? எங்கள் வீட்டில் மூன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்று எல்லாரும் படித்திருப்போம். ஆனால் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் வீட்டில் விட்டுவந்த அல்பங்களை யாரும் எண்ணவில்லை. எங்களிடம் மூலப்பிரதி என்று இருப்பதே கொஞ்சம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள். கறை படிந்த பக்கம், அரித்த ஓரம் எல்லாம் அப்படியே இருக்கும். அதை ஒரு செயலி "சீராக்கி", தெரியாத எழுத்துக்குத் தன் ஊகத்தைப் போட்டுத் தந்தால் ஏற்றுக்கொள்வோமா? பிறகு ஏன் எங்கள் வீட்டுப் படங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தங்கச்சி கேட்டாள்: "அந்த ஒரு கிளிக் படத்தாலதானே மாமி சந்தோசப்பட்டா. டிஃப் கோப்பை ஆர் பாக்கப் போகினம்?" நியாயமான கேள்வி. எல்லாருக்கும் என்னைப் போல விசர் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே என் சமரசம் இது. வாட்சப்புக்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வர்ணம் தீட்டுங்கள், வழவழப்பாக்குங்கள். ஆனால் அதற்கு முதல், ஒன்றும் தொடாத ஒரு 16 பிட் பிரதியை எடுத்து வையுங்கள். அதே பிலிமின் வெறும் துண்டு ஒன்றையும் அதே அமைப்பில் ஸ்கேன் பண்ணி வையுங்கள். ஸ்கேனரின் பிழை அந்த வெறும் படத்தில் தனியாகத் தெரியும். அதை வைத்து வகுத்தால், ஊகம் இல்லாமல் கணக்கால் கோட்டைப் போக்கலாம். ஒரே படத்தை நாலு தரம் எடுத்துச் சராசரி பார்த்தால் ஸ்கேனரின் இரைச்சல் பாதியாகும். நெகற்றிவை எறியாதீர்கள். செயலி அடுத்த வருசம் இதைவிட நல்லதாக வரும். வர்ணச் சாயம் அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் மங்கித்தான் இருக்கும்.

செயலி அழித்ததை அப்பா கண்டுபிடித்தார். ஏனென்றால் அவர் அங்கே நின்றார். அவர் இல்லாமல் போகிற ஒரு நாளில், ஒரு வாலோடு உள்ள அந்தப் படம்தான் உண்மை என்று என் பிள்ளைகள் நினைப்பார்கள். எனக்குப் பயம் தருவது இந்த இடம்தான். கோடு விழுந்த படத்தைப் பார்த்தால் ஏதோ பிழை என்று சந்தேகப்படுவோம். வழவழப்பான படத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சரி, நான்காவது கோடு. ஓரத்துச் செம்மஞ்சள் வெளிச்சம். திருப்பி வைத்தபோது படத்தோடு திரும்பியது. சட்டத்துக்கு வெளியே, பல் ஓட்டைகளைத் தாண்டியும் போனது. ஓட்டைகளின் நிழல்கூட அதில் விழுந்திருந்தது. அதற்கு அடுத்த இரண்டு படங்கள் முழுதாகக் கருகிப்போயிருந்தன. அதாவது பிலிம் கமராவுக்குள் இருக்கும்போதே யாரோ பின்கதவைத் திறந்திருக்கிறார்கள். வெளியே இருந்த சுற்றுகள் போய், உள்ளே சுற்றியிருந்தவை தப்பியிருக்கின்றன. அப்பாவிடம் காட்டினேன்.

"கமராவை ஆரோ துறந்திருக்கினம் அப்பா."

அவர் சிரித்தார். "வேற ஆர், நீதான். அடுத்த நாள் காலமை. உள்ளுக்கை வால்வெள்ளி இருக்கோ எண்டு பாக்கத் துறந்தனி."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது. ரெண்டு படந்தானே போச்சு."

ஸ்கேனரின் கோடுகளைப் போக்கிவிட்டேன். படிகளும் இல்லை. நீல வால் திரும்பி வந்துவிட்டது, மெல்லிசாக, நேராக. செம்மஞ்சளை விட்டுவிட்டேன். அச்சடித்துச் சட்டம் போட்டபோது கடைக்காரர் அந்த ஓரத்தை வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ரின் இருக்கும். இந்தக் கிழமை முடிவதற்குள் எடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பரவாயில்லை, முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, எடுத்தவரைப் பக்கத்தில் இருத்தி, இது என்ன என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி, அதே உறைக்குள் வையுங்கள்.